குளுஃபோசினேட் 13.5 சதவீதக் களைக்கொல்லி: தேயிலைத் தோட்ட நிழலில் எப்படி?

தேயிலைக்கு அங்கீகாரம் உள்ள களைக்கொல்லிகளில் குளுஃபோசினேட் அம்மோனியம் 13.5% எஸ்.எல். (தண்ணீரில் கரையும் திரவம்) ஒன்று. பாஸ்டா என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். வெயில் நன்றாக விழும் கவாத்துக் காட்டில் இது அருமையான மருந்து. நாலைந்து நாளில் களை மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் கருகிவிடும். சில்வர் ஓக் நிழல்மரம் அடர்ந்த இடத்தில் அந்த வேகம் வராது.

காரணம் மருந்து வேலை செய்யும் விதம். இலையில் அம்மோனியாவைப் பயன்படுத்திக்கொள்ளும் நொதியை இது முடக்குகிறது. அதன்பின் இலையைக் கருக்குவது வெளிச்சம்தான். நிழல்களையின் இலை அகலமாக, மெல்லியதாக, மெழுகுப்பூச்சு குறைவாக இருப்பதால் மருந்து எளிதாகவே உள்ளே போகும். போனபின் கருக்கத்தான் வெளிச்சம் போதாது. எட்டாம் நாள் பச்சை தெரிகிறதே என்று மறுபடி அடிப்பது வீண் செலவு. பொறுங்கள்.

அளவு ஏக்கருக்கு 1 முதல் 1.3 லிட்டர், தண்ணீர் 150 முதல் 200 லிட்டர். ஏக்கருக்கு 10 டேங்க் கணக்கு வைத்தால், 16 லிட்டர் டேங்குக்கு 100 முதல் 130 மில்லி. இது தொட்ட இடத்தை மட்டும் கருக்கும் மருந்து; இலை முழுக்க நனையாவிட்டால் பக்கத்தில் துளிர்க்கும். பனி காய்ந்ததும் காலையிலேயே அடியுங்கள். மாலையில் அடித்தால் பலன் குறையும், நிழலில் இன்னும் குறையும். அடுத்த 6 மணி நேரம் மழை இல்லாத நாளாகப் பாருங்கள்.

கோரைக்கும் அருகுக்கும் இதை நம்ப வேண்டாம். மேலே கருகும், கிழங்கும் வேரும் பிழைத்துவிடும். இவை இரண்டும் நிழல் தாங்காத களைகள். தேயிலைச் செடி விரிந்து தரையை மூடினாலே ஒடுங்கிவிடும், மருந்துக்கு வேலையே குறைவு. குமிழ் வைக்கும் புளியாரை வகை அப்படியில்லை. நிழலிலும் நிற்கும், மண்ணுக்கடியில் உள்ள குமிழிலிருந்து திரும்பத் திரும்ப வரும். அதற்கு மேலே கருக்கினால் மட்டும் போதாது.

நிழல்மரக் கிளையைக் கழித்த பிறகு கவனம் தேவை. திடீரென விழும் வெளிச்சத்தில் புதுக்களை கூட்டமாக முளைக்கும். அது 4 முதல் 6 அங்குலம் இருக்கும்போது அடித்தால் இந்த மருந்தின் முழுப் பலனும் கிடைக்கும். பச்சைத் தண்டுள்ள இளம் தேயிலையில் மட்டும் சாரல் படவிடாதீர்கள். படும் இடமெல்லாம் கருகும். நாசிலுக்கு மறைப்புக் கூடு போட்டு, தரையை ஒட்டிப் பிடியுங்கள்.