ஆஃபர் லெட்டரில் 6 லட்சம், கைக்கு வருவது மாதம் 36,600

சென்னை ஓ.எம்.ஆர். (ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த சாலை) பக்கம் வேலை தேடுகிறவர்கள் கவனத்துக்கு. பழைய வேலையில் பேப்பர் போடுவதற்கு (ராஜினாமா கொடுப்பதற்கு) முன்னால், சம்பளம் எது எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பிரேக்அப்பை மெயிலில் வாங்கிவிடுங்கள். எனக்கு வேலையில் சேர்ந்த அன்றுதான் அதைக் கண்ணில் காட்டினார்கள்.

டெக்னிக்கல் ரவுண்டில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கேள்வி கேட்டவரே "எப்போ ஜாயின் பண்ணலாம்?" என்றார். அப்புறம் ஹெச்.ஆர். வந்தார். கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டார். அதைப் பார்த்ததும் பேச்சே மாறிவிட்டது. இந்த வேலைக்கு என்ன சம்பளம் என்பது போய், பழைய சம்பளத்துக்கு மேல் எத்தனை சதவீதம் என்று ஆகிவிட்டது. (கலிபோர்னியாவில் 2018 முதல் பழைய சம்பளத்தைக் கேட்கவே சட்டம் விடுவதில்லை. இங்கே கேட்காவிட்டால்தான் ஆச்சரியம்.) கடைசியில் வருடத்துக்கு 6 லட்சம் என்று முடிந்தது. பிரேக்அப் கேட்டேன். "அது சிஸ்டம்ல ஜெனரேட் ஆகும், ஜாயினிங் அன்னைக்கு வந்துடும்" என்றார்.

வந்தது. பேசிக் மாதம் 25,000. கம்பெனி கட்டும் 12 சதவீத பி.எஃப்., வருடத்துக்கு 36,000, அந்த 6 லட்சத்துக்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, 14,430, அதுவும் உள்ளே. பொதுவாக 5 வருடம் முடித்தவர்களுக்குத்தான் அந்தப் பணம். இன்ஷூரன்ஸ் பிரீமியம் 12,000. வேரியபிள் 60,000, கம்பெனி லாபத்தையும் என் ரேட்டிங்கையும் பொறுத்து, அதாவது அவர்கள் மனசு வைத்தால். மிச்சத்தில் என் பங்கு பி.எஃப். மாதம் 3,000, தொழில் வரி போக சுமார் 36,600. பழைய இடத்தில் 35,000 வாங்கிக்கொண்டிருந்தேன்.

பி.எஃப். என் பணம்தான், சரி. சி.டி.சி.யில் (கம்பெனி நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு என்று சொல்லும் தொகை) இதையெல்லாம் சேர்ப்பதும் ஊர் வழக்கம்தான். ஆனால் பழைய வேலையை விட்டு ரிலீவ் ஆகும்வரை மூடி வைத்தார்களே, அதற்கு என்ன பெயர்? "எல்லா கம்பெனியிலும் இப்படித்தான் சார்" என்று பதில்.

அன்றைக்கே ஒரிஜினல் டிகிரி சர்டிஃபிகேட்டையும் கேட்டார்கள், வெரிஃபிகேஷனுக்காம். இங்கேயே பார்த்துவிட்டுக் கொடுங்கள், உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். உடனே ஜெராக்ஸ் போதும் என்றுவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஃப்ரெஷர் பையன் கொடுத்துவிட்டான். இன்னும் திரும்ப வரவில்லை, கேட்டால் ஹெட் ஆபீஸில் இருக்கிறதாம்.