முழுச் சீருடையா, டி-சட்டையும் ஸ்கார்ஃபுமா? சாரணர் பிள்ளைகளுக்கு எது கட்டுப்படியாகும்

பள்ளியாண்டு தொடங்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் சாரணர் குழுவில் ஒரு வாக்குவாதம் தலைதூக்கும். பிள்ளைகளுக்கு முழுச் சீருடை வேண்டுமா, குழுவின் பெயர் அச்சிட்ட டி-சட்டையும் கழுத்தில் ஸ்கார்ஃபும் போதாதா? பினாங்கில் வேறு தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நண்பர்களும் தங்கள் பள்ளியிலும் இதே வாக்குவாதம்தான் என்கிறார்கள். எங்கள் பள்ளியில் விஷயம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் வரை போய், கடைசியில் முழுச் சீருடை என்று முடிவாயிற்று. அதற்காக வாதாடியவர்களில் நானும் ஒருவன். ஆகவே இதை நடுவர் தீர்ப்பாக யாரும் படிக்க வேண்டாம். மறுதரப்பின் நியாயங்களை மறைக்காமல் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

எல்லாரும் அறிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். டி-சட்டை மலிவு, துவைக்க எளிது, வெயிலுக்கு ஏற்றது. முழுச் சீருடை மிடுக்கானது, கொடியேற்றத்துக்கும் அணிவகுப்புக்கும் பொருத்தமானது. தெலுக் பாஹாங் வனப் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்கும் பிள்ளையைப் பொத்தான் போட்ட சட்டையோடு விறகு சுமக்கச் சொல்வது அறிவுடைமை ஆகாது, அங்கே டி-சட்டைதான். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. புதன்கிழமைதோறும் பள்ளித் திடலில் நடக்கும் சந்திப்புக்கும் விழாக்களுக்கும் எதை அணிவது என்பதில்தான் பிணக்கு.

டி-சட்டைத் தரப்பு சொல்வதில் பலமானது பணக் கணக்கு. சட்டை, கால்சட்டை, பெரே தொப்பி, பெல்ட், ஸ்கார்ஃப், அதைக் கோக்கும் வளையம், தோளுக்கும் மார்புக்குமான சின்னங்கள் என்று கடையில் வாங்கினால் ஒரு பிள்ளைக்கு நூறு ரிங்கிட்டை எளிதாகத் தாண்டிவிடுகிறது. பள்ளிச் சீருடை, விளையாட்டு உடை, இரண்டு சோடிக் காலணி ஆகியவற்றுக்கு மேல் இதுவும் சேர்கிறது. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் என்ன செய்யும்? வாரத்தில் சில நாள்களுக்கு விளையாட்டு உடையிலேயே பள்ளிக்கு வரலாம் என்று கல்வி அமைச்சே 2024-இல் தளர்த்திய பிறகு, சாரணர் போன்ற புறப்பாடத்துக்கு மட்டும் இத்தனை உருப்படிகள் எதற்கு என்று அவர்கள் கேட்பது நியாயம்தான்.

அவர்களின் இரண்டாவது வாதம் வரலாறு சார்ந்தது. அதையும் நான் மதிக்கிறேன். 1907-இல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் சட்டைச் சீருடை கிடையாது. அந்தச் சிறுவர்கள் கழுத்தில் கட்டியிருந்தது காக்கி நிற ஸ்கார்ஃப். அந்த முகாம் தொடங்கிய ஆகஸ்டு 1-ஐத்தான் இன்று உலகெங்கும் ஸ்கார்ஃப் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அலுவலகத்துக்குப் போகிறவர்கள்கூட அன்று சாதாரண உடைமேல் ஸ்கார்ஃப் அணிந்து போகிறார்கள். கை முறிந்தவனுக்குத் தொட்டில் கட்ட உதவும் துணி அது. சாரணனுக்கு அது ஒன்றே அடையாளம் என்று ஒருவர் சொன்னால் மறுத்துப் பேச என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை.

ஆனால் அந்த முதல் முகாமில் இன்னொன்றும் நடந்தது. பெரிய பள்ளிகளில் படித்த செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் பேடன் பவல் ஒரே அணிகளில் கலந்து தங்க வைத்தார். சீருடை பிற்பாடு வந்தபோது அவர் சொன்ன காரணமும் அதுவே: யார் வீட்டுப் பிள்ளை என்பது உடையில் தெரியக்கூடாது. டி-சட்டை இந்த வேலையைப் பாதிதான் செய்கிறது. மேலே எல்லாருக்கும் ஒரே சட்டை. கீழே அவரவர் கால்சட்டை. ஒருவன் புத்தம் புதிய பிராண்டு டிராக் பேண்டில் வருவான், இன்னொருவன் அண்ணனின் முட்டி தேய்ந்த பள்ளிக் கால்சட்டையில் வருவான். வரிசையில் நிற்கும்போது கண் நேரே அங்கேதான் போகும். பிள்ளைகள் இதைக் கவனிக்க மாட்டார்கள் என்று எண்ணுபவர்கள் பிள்ளைகளோடு அதிகம் பழகாதவர்கள்.

இனி, என்னை முழுச் சீருடைப் பக்கம் நிறுத்திய காரணத்துக்கு வருகிறேன். மிடுக்கோ மரபோ அல்ல, கைமாற்றம். ஒரு பிள்ளை உடுத்தியதை அடுத்த பிள்ளை உடுத்த முடியுமா என்ற ஒரே கேள்வி.

டி-சட்டையின் விலையைத் தனியாகப் பார்த்தால் மலிவுதான். எங்கள் பள்ளியில் ஆண்டு 4 முதல் ஆண்டு 6 வரை பிள்ளைகள் சாரணர் குழுவில் இருக்கிறார்கள். டி-சட்டையில் முகாமின் பெயரும் ஆண்டும் அச்சாகும். முதுகில் நன்கொடையாளர் பெயர் இருக்கும். அடுத்த ஆண்டு அது பழையதாகிவிடும். அச்சகத்தில் குறைந்தது இத்தனை சட்டை எடுத்தாக வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். மிஞ்சியவை பெட்டியில் கிடக்கும். போன ஆண்டின் நீலமும் இந்த ஆண்டின் நீலமும் ஒத்துப்போகாது. சில மாதத் துவைப்பில் கழுத்து தொய்ந்துவிடும், அச்சு வெடித்து எழுத்துகள் உதிரத் தொடங்கும். ஆண்டு 4-இல் வாங்கியது ஆண்டு 6-இல் வீட்டுத் தரை துடைக்கும். அதைத் தம்பிக்குக் கொடுத்தால் தம்பி வாங்க மாட்டான், அதில் வேறு ஓர் ஆண்டு எழுதியிருக்கிறது.

ஆண்டைப் போடாமல், எப்போதும் ஒரே மாதிரி அச்சிடலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அப்படிச் செய்தால் நிலைமை பாதி தேறும். ஆனாலும் பின்னல் துணியின் ஆயுள் அவ்வளவுதான். சீருடைச் சட்டை நெசவுத் துணி. பாலியெஸ்டர் கலந்த பருத்தி. காலர் நூல் தேயும், பொத்தான் உடையும். இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

எங்கள் குழுவின் அலமாரியில் ஒரு சட்டை இருக்கிறது. காலரின் உள்பக்கம் பேனா மையில் ஒரு பெயர், அதன்மேல் ஒரு கோடு. கீழே இரண்டாவது பெயர், அதன்மேலும் ஒரு கோடு. மூன்றாவதாக இப்போது அதை அணியும் சிறுவனின் பெயர். கையோரம் சற்று வெளுத்திருக்கிறது, வேறு குறையில்லை. முதல் பெற்றோர் கொடுத்த விலையை மூன்று பிள்ளைகளுக்கு வகுத்துப் பாருங்கள். டி-சட்டைக் கணக்கு தோற்றுவிடும்.

இந்தக் கைமாற்றம் தானாக நடக்காது. பராமரிப்பில்தான் அதன் உயிர் இருக்கிறது. இங்கேதான் பல குழுக்கள் கைவிட்டுவிடுகின்றன என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதல் எதிரி, சின்னம் தைக்கும் முறை. தையல் கடையில் கொடுத்தால் இயந்திரத்தில் நெருக்கமாக அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த பிள்ளைக்காகப் பிரிக்கும்போது துணி முழுக்க ஊசித் துளை. சின்னம் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நிறத்தில் சதுரமாகத் தெரியும். பசையிட்டு இஸ்திரியால் ஒட்டுவது அதைவிட மோசம். அந்த மஞ்சள் கறையை எந்தச் சோப்பாலும் போக்க முடியாது. ஆகவே கையால், இடைவெளி விட்ட ஓட்டுத் தையல்தான் போட வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்கிறோம். கத்தரி முனையால் நாலு இடத்தில் நூலை வெட்டினால் சின்னம் கையோடு வந்துவிடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான சின்னங்களைப் பிரிக்கவே வேண்டியதில்லை. அவை சட்டையோடு அப்படியே கைமாறட்டும். பிள்ளை தானே தேர்ச்சி பெற்று வாங்கியதை மட்டும் பிரித்து அவனிடம் கொடுத்துவிட வேண்டும். அது அவன் சொத்து. அது இன்னொருவன் தோளில் போகக்கூடாது.

இரண்டாவது, கால்சட்டையின் நீளம். வாங்கும்போதே ஒரு அளவு பெரிதாக வாங்கி, கீழே அகலமாக உள்மடித்துத் தைத்துக்கொள்ள வேண்டும். லெபோ பாசார் பக்கத்துத் தையல்காரர்கள் சில ரிங்கிட்டுக்கு இதைச் செய்து தருகிறார்கள். மடிப்பை இறக்கும்போது பழைய மடிப்புக் கோடு வெளிறித் தெரியும். அதைக் குறையாகப் பார்க்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

மூன்றாவது எதிரி, நம் தீவின் ஈரம். ஆண்டிறுதியில் திருப்பித் தரும் சட்டைகளைத் துவைத்து, வெயிலில் மொறமொறவென்று காய வைத்த பிறகே அலமாரியில் வைக்க வேண்டும். சற்று ஈரம் இருந்தாலும் விடுமுறை முடிவதற்குள் பூசணம் பிடித்துவிடும். பெரே தொப்பி இதில் மிக மோசம். கம்பளித் துணி, வியர்வை வேறு. செய்தித்தாளில் சுற்றி, பாச்சை உருண்டை போட்டு வைக்கிறோம். அப்படியும் சில தொப்பிகள் கெடுகின்றன. தொப்பியை அலமாரிக் கணக்கில் சேர்க்காமல் புதிதாக வாங்குவதே நல்லது என்பது என் எண்ணம். குழுவில் எல்லாரும் இதை ஏற்கவில்லை.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே தூணின்மேல் நிற்கிறது: சீருடையின் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். மரபைப் பற்றிய விவாதம் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடத்தில்தான். பிரிட்டனில் 1966-இல் வெளியான ஓர் அறிக்கையைத் தொடர்ந்து, மறு ஆண்டே சாரணர்களின் அரைக்கால்சட்டை நீள்கால்சட்டையாகியது. அகன்ற விளிம்புத் தொப்பி விடைபெற்றது. இயக்கத்தின் பெயரிலிருந்து சிறுவர் என்ற சொல்லும் போயிற்று. பொறுக்க முடியாதவர்கள் 1970-இல் பிரிந்து, பழைய முறைகளையே பின்பற்றப் பேடன் பவல் பெயரிலேயே தனிச் சங்கம் கண்டார்கள். காலத்துக்கேற்ப மாற வேண்டும் என்போர் முதல் பாதியைச் சொல்வார்கள், மரபுவாதிகள் இரண்டாம் பாதியைச் சொல்வார்கள். இரு தரப்பும் பேசாதது, சீருடை மாறிய நாளில் வீட்டு அலமாரிகளில் தம்பிக்காகக் காத்திருந்த சட்டைகளைப் பற்றி. அமெரிக்கச் சாரணர் அமைப்பு இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது: ஒருமுறை அதிகாரபூர்வச் சீருடையாக இருந்தது, புது வடிவம் வந்த பிறகும் செல்லும். அங்கே 2008-இல் புதுச் சீருடை வந்தபோதும் பழையதை யாரும் எறிய வேண்டியிருக்கவில்லை. எந்த நாட்டில் எந்த மாற்றம் வந்தாலும் இப்படி ஒரு விதி கூடவே வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வராவிட்டால் எங்கள் அலமாரி ஒரே நாளில் பழந்துணிக் குவியலாகிவிடும். முழுச் சீருடையின் பெரிய ஆபத்தும் இதுதான். டி-சட்டைக்கு இந்த ஆபத்து இல்லை.

சந்திப்பின் தொடக்கத்தில் நடக்கும் உடைப் பரிசோதனை பற்றியும் சொல்ல வேண்டும். முழுச் சீருடையை வெறுக்கும் பெற்றோரிடம் பேசிப் பார்த்தால் பலருக்கு வெறுப்பு சீருடைமேல் இல்லை, இந்தப் பரிசோதனைமேல்தான். பெல்ட் இல்லாத பிள்ளையை வரிசையிலிருந்து விலக்கி நிறுத்துவது, தொப்பி இல்லாதவனுக்குப் புள்ளி குறைப்பது எல்லாம் வறுமையைத் திடலின் நடுவில் கூவிச் சொல்வதற்குச் சமம். நகம் வெட்டியிருக்கிறதா, சட்டை துவைத்ததா, ஸ்கார்ஃப் ஒழுங்காக மடித்திருக்கிறதா என்பவை ஒரு பிள்ளை தன் கையால் செய்யக்கூடியவை; அவற்றைப் பார்க்கலாம். பெற்றோரின் பணப்பையைப் பொறுத்த எதையும் பரிசோதிக்கக்கூடாது. முழுச் சீருடைக்கு நான் கை தூக்கியதே இந்த நிபந்தனையோடுதான். இது நடக்காத குழுவில் டி-சட்டையே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

எனக்கு அனுபவம் போதாத இடங்களும் உண்டு. இடைநிலைப்பள்ளிக் கணக்கு வேறாக இருக்கலாம். பதின்ம வயதில் பிள்ளைகள் வளரும் வேகத்துக்கு ஒரு சட்டை எத்தனை மாதம் தாங்கும், அந்த வயதில் பிறர் அணிந்த சட்டையை மனமுவந்து வாங்குவார்களா என்று எனக்குத் தெரியாது. பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் புறப்பாடத்துக்குப் பத்து விழுக்காடு இருப்பதால் அங்கே பெற்றோர் செலவைப் பொருட்படுத்தாமலும் போகலாம். எங்கள் குழுவில் பெண் பிள்ளைகள் குறைவு. அவர்களுக்கான அளவுகள் அலமாரியில் எப்போதும் பற்றாக்குறைதான், அவர்களைப் பொறுத்தவரை கைமாற்றம் இன்னும் நிலைபெறவில்லை. உடலில் இறுக்கமான உடை பட்டாலே தவித்துப்போகும் ஒரு பிள்ளை எங்களிடம் இருக்கிறான். அவன் டி-சட்டையும் ஸ்கார்ஃபும் அணிந்து வருகிறான். அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை, கேட்கவும் விடமாட்டோம்.

புதிதாகச் சேர்க்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இது: ஸ்கார்ஃபையும் வளையத்தையும் புதிதாக வாங்குங்கள், அவை பிள்ளையிடமே இருக்கட்டும். சட்டையும் கால்சட்டையும் வாங்குமுன் உங்கள் குழுவில் பழையவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். முகாமுக்கு வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு டி-சட்டை போதும், அச்சிட்டது வேண்டாம். ஆண்டு 6 முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சட்டையைப் பள்ளி விடுமுறை தொடங்கும் முன்பே தந்துவிட்டால் நல்லது. விடுமுறைக்குப் பிறகு பலர் படிவம் 1-க்கு வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார்கள், தேடிப் பிடிக்க முடிவதில்லை. எங்களுக்கு இப்போது அதிகம் தேவைப்படுவது பெரிய இடுப்பளவுக் கால்சட்டைகள்தான். சட்டைகள் ஓரளவு சேர்ந்துவிட்டன.