வாடகை வீட்டில் எட்டு ஆண்டுகள்: முயல் வளர்ப்பு குறித்த ஓர் அனுபவப் பகிர்வு

2017ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ஈரோட்டில் நாங்கள் குடியிருக்கும் இரண்டாம் மாடி வாடகை வீட்டுக்கு இரண்டு முயல் குட்டிகள் வந்து சேர்ந்தன. முயலின் மேல் இருந்த ஆசையால் அவற்றை வாங்கவில்லை. அப்போது ஆறு வயதாயிருந்த மகள் நாய்க்குட்டி கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரரோ, "நாய் மட்டும் வேண்டாமுங்க, ராத்திரியில குரைச்சா கீழ் வீட்டுக்காரங்க என்னையத்தான் கேப்பாங்க" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். குரைக்காத, தெருவில் நடத்திக் கூட்டிப் போக வேண்டாத, நானும் கணவரும் வேலைக்குப் போன பிறகு வீட்டிலிருக்கும் மாமியாருக்குத் தொந்தரவு தராத ஓர் உயிரைத் தேடியபோது முயல் அகப்பட்டது. சந்தையில் ஜோடி 500 ரூபாய். இரண்டும் பெட்டை என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார்.

வெள்ளையாக இருந்ததற்குச் சீனி என்றும், சாம்பல் நிறத்ததற்கு எள்ளு என்றும் மகள் பெயர் வைத்தாள். நம் ஊர்ச் சந்தைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இறைச்சிக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படும் இனங்களின் குட்டிகளே. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் ஆடு ஆராய்ச்சி மையம் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களைப் பராமரித்து உழவர்களுக்கு வழங்கி வருகிறது. எங்களுடையவையும் அந்த இரண்டு இனங்களே. உள்ளங்கையில் அடங்கும் பஞ்சுருண்டை என்று நினைத்து வாங்குகிறவர்கள், அது வளர்ந்து நான்கு கிலோவைத் தாண்டும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. வீட்டுக்கு வரும் உறவினர்களில் பாதிப் பேர், "எத்தனை கிலோ தேறும்?" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

வாடகை வீட்டுக்கு முயல் பொருந்துவதற்கு முதற்காரணம் அதன் நாள்முறை. முயல் பகல் முழுவதும் அரைத்தூக்கத்தில் கிடந்துவிட்டு, விடியற்காலையிலும் மாலை மங்கும் நேரத்திலும் சுறுசுறுப்பாகும் பிராணி. காலை ஐந்தரை மணிக்கு நான் அடுப்படிக்கு வரும்போது அது விழித்துக் காத்திருக்கும். அலுவலகம் விட்டு ஆறரைக்குத் திரும்பும்போது அதன் இரண்டாவது ஆட்டம் தொடங்கும். இடைப்பட்ட நேரத்தில் அது நம்மை எதிர்பார்ப்பதில்லை. குரல் என்று ஏறத்தாழ எதுவுமே கிடையாது; பயந்தால் பின்னங்காலால் தரையை ஓங்கி ஒரு முறை தட்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் தூய்மை. முயல் சிறுநீர் கழிப்பதற்கு ஒரு மூலையைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. நாம் செய்ய வேண்டியது அந்த மூலையில் ஒரு அகலமான பிளாஸ்டிக் தட்டை வைத்து, அடியில் செய்தித்தாளும் மேலே உலர்புல்லும் பரப்புவது மட்டுமே. புல்லைத் தின்றுகொண்டே கழிக்கும் பழக்கம் அதற்கு இருப்பதால், தின்னும் புல்லையும் அந்தத் தட்டின் ஓரத்திலேயே வைத்தால் மூன்று வாரத்தில் பழகிவிடுகிறது. அங்கங்கே சிதறும் புழுக்கைகள் உலர்ந்த மிளகுபோல இருப்பதால் துடைப்பத்தால் கூட்டிவிடலாம். மொட்டை மாடியில் உள்ள தக்காளிச் செடிக்கும் செம்பருத்திக்கும் அவற்றை மட்க வைக்காமல் நேரடியாகவே போடுகிறேன். சிறுநீர்தான் கடுமையானது. இரண்டு நாள் விட்டால் நெடி ஏறும். தரையில் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் படியும் கறையை வினிகர் ஊற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நான் சாதிப்பதாகக் கணவர் சொல்வதுண்டு. ஆகவே நாங்கள் செய்த தவறுகளையும் எழுதிவிடுகிறேன்.

கடைக்காரர் பேச்சைக் கேட்டு, அடிப்பக்கம் கம்பிவலை போட்ட கூண்டு ஒன்றை முதலில் வாங்கினோம். நாய், பூனையின் பாதத்தில் இருப்பதைப்போன்ற மெத்தென்ற திண்டு முயலின் பாதத்தில் கிடையாது. மயிர் மட்டுமே உண்டு. இரண்டே மாதத்தில் எள்ளுவின் பின்னங்காலில் மயிர் உதிர்ந்து புண் வந்துவிட்டது. கூண்டை எடைக்குப் போட்டுவிட்டு, கூடத்தின் ஒரு பகுதியைத் தடுத்துப் பாய் விரித்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் முயல் என்னவெல்லாம் செய்யும் என்பதையே நாங்கள் பார்த்தோம். மகிழ்ச்சி மிகுந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எம்பிக் குதித்து, அந்தரத்தில் தலையை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் திருகி இறங்கும். நம்பிக்கை வந்த பிறகு, செத்து விழுந்ததைப்போல் பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து படுக்கும். முதல் முறை அப்படி விழுந்தபோது மாமியார் பதறிப்போய் எனக்குத் தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

இரண்டும் பெட்டை என்ற உறுதி மார்கழியில் பொய்த்தது. சீனி தன் கழுத்துக்கடியிலுள்ள மயிரைத் தானே பிடுங்கிப் பழைய துணிகளுக்கிடையே கூடு அமைத்து, ஐந்து குட்டிகளை ஈன்றது. மயிரில்லாமல், கண் திறக்காமல் இளஞ்சிவப்பாகக் கிடந்த அவற்றின் அருகே தாய் போகவே இல்லை என்று கவலைப்பட்டோம். முயல் ஒரு நாளைக்கு ஒரு முறையோ இரு முறையோ, அதுவும் சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும் என்பது மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. மிகச் சிறு குட்டிகளில் ஆண், பெண் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம் என்பதால் விற்றவரைக் குறை சொல்வதற்கில்லை. மூன்று மாதம் ஆனதும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளாதது எங்கள் பிழை. சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான்; ஈன்ற அன்றே அடுத்த சினைக்கும் முயல் தயாராகிவிடும். எள்ளுவை அன்றைக்கே வேறு அறைக்கு மாற்றி, தை மாதத்தில் அதற்குக் கருத்தடை செய்தோம். நாய், பூனைக்குச் செய்வதைப்போல அறுவைக்கு முந்தைய இரவு முயலைப் பட்டினி போடக் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் காலியாக இருப்பதுதான் அதற்கு ஆபத்து.

உணவைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முயலின் உடல்நலம் ஏறத்தாழ முழுவதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. படங்களில் முயலின் கையில் எப்போதும் கேரட் இருக்கும். உண்மையில் சர்க்கரை நிறைந்த கேரட் அதற்கு மிட்டாய்போலத்தான், வாரத்தில் இரண்டு துண்டு போதும். அதன் 28 பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. அவை தேய வேண்டுமானாலும், குடல் ஓட வேண்டுமானாலும், நாள் முழுவதும் நார்ச்சத்துள்ள புல்லை அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறக்குமதியாகும் திமோதி புல் கட்டுபடியாகாததால், காங்கேயம் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் உறவினரிடம் கொழுக்கட்டைப்புல் வாங்கி மாடியில் காயவைத்துக்கொள்கிறோம். அருகம்புல்லும் பச்சையாகத் தருகிறோம். கொத்தமல்லி, புதினா தினமும் உண்டு. குதிரைமசாலும் முருங்கைக்கீரையும் சுண்ணாம்புச் சத்து மிகுந்தவை என்பதால் எப்போதாவதுதான். பண்ணைத் தீவனம் குறுகிய காலத்தில் எடை ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டது. அதையே வயிறு நிறையக் கொடுத்து முதல் ஆண்டில் இரண்டையும் கொழுக்க வைத்துவிட்டோம். பிஸ்கட்டும் சோறும் கொடுக்கும் விருந்தினர்களைத் தடுப்பது இன்றுவரை ஓயாத வேலையாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முயல் இரண்டு வகையாகக் கழிக்கிறது. காய்ந்த புழுக்கை ஒன்று. திராட்சைக் கொத்துபோல மினுமினுக்கும் மென்மையான உருண்டை மற்றொன்று. பின்னதை அது தரையில் விழவிடாமல் நேரே வாயால் எடுத்துத் தின்றுவிடும். அருவருப்பு வேண்டாம், குடலில் நொதித்து உருவான புரதமும் பி வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன.

2019ஆம் ஆண்டு சித்திரையில் ஒரு மாலை, எள்ளு கொத்தமல்லியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தது. தட்டைப் பார்த்தேன், காலையில் இருந்த புழுக்கைகளுக்கு மேல் ஒன்றுகூடச் சேர்ந்திருக்கவில்லை. முயலின் குடல் நின்றுபோனால் அரை நாளுக்குள் உயிருக்கே கேடு வரலாம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்ததால், இரவே மருத்துவரிடம் ஓடினோம். தோலுக்கடியில் திரவமும், வலிக்கான ஊசியும், குடலை இயக்கும் மருந்தும் கொடுத்து அனுப்பினார். ஊறவைத்துக் கூழாக்கிய தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கடைவாய் ஓரமாகச் செலுத்தியபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கடுகைவிடச் சற்றே பெரிதாக மூன்று புழுக்கைகள் விழுந்தன. அதற்காகக் கைதட்டிய குடும்பம் ஈரோட்டில் வேறொன்று இருந்திருக்க முடியாது.

அந்த முறை காரணம் பெரும்பாலும் வெயில்தான். கோடையில் இங்கே 40 பாகையைத் தாண்டுகிறது. முயலுக்கோ 28 பாகைக்கு மேல் போனாலே துன்பம். அதற்கு வியர்ப்பதில்லை, காதுகள் வழியாகத்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது. அதனால் பங்குனி பிறந்ததும் கூடத்துச் சன்னலில் ஈரச்சாக்கு கட்டுகிறோம், தண்ணீர்ப் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் கிடத்துகிறோம், காதுகளை ஈரக்கையால் தடவிவிடுகிறோம். எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது, வாய் உடைந்துபோன பழைய மண்பானை. பக்கவாட்டில் சாய்த்து வைத்து வெளிப்புறம் நனைத்துவிட்டால், நண்பகல் முழுவதும் அதற்குள்ளேயே கிடக்கும்.

குழந்தைக்கு ஏற்ற பிராணியா என்று பலரும் கேட்கிறார்கள். தூக்கிக் கொஞ்ச நினைக்கும் சிறு குழந்தைக்கு ஏற்றதன்று. முயல் வேட்டையாடப்படும் உயிர். மேலிருந்து ஒரு கை வந்தாலே அதற்குப் பருந்துதான். பிடியில் துள்ளும்போது தன் பின்னங்கால்களின் வலுவாலேயே முதுகெலும்பை முறித்துக்கொள்ளக்கூடும். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. என் மகள் இதைப் புரிந்துகொள்ள ஓராண்டு ஆயிற்று. பிறகு அவள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதப் பழகினாள். எள்ளு மெல்ல வந்து, தாடையை அவள் நோட்டின் விளிம்பில் தேய்த்துத் தன் உடைமை என்று மணம் பூசிவிட்டு, நெற்றியை அவள் முழங்காலில் முட்டும். தடவிக் கொடுத்தால் பற்களை மெல்ல உரசிக்கொண்டு கிடக்கும். கணக்கு நோட்டின் ஒரு மூலை காணாமல் போனதற்கு ஆசிரியரிடம் சொன்ன காரணத்தை அவர் நம்பவில்லை என்பது தனிக்கதை. மின்கம்பிகளுக்கும் இதே கதிதான்; இணையக் கேபிளை மூன்று முறை மாற்றிய பிறகு, எல்லாவற்றுக்கும் நெகிழிக் குழாய் மாட்டிவிட்டோம்.

பெட்டை முயலுக்குக் கருத்தடை செய்யாமல் விட்டதுதான் நான் இன்றும் வருந்துவது. ஆணுக்குச் செய்தாயிற்றே, இதற்கு எதற்கு வீணாக வயிற்றைக் கிழிப்பது என்று இருந்துவிட்டோம். வயது ஏறிய பெட்டைகளுக்குக் கருப்பையில் புற்றுநோய் வருவது முயல்களில் மிகச் சாதாரணம். சில கீரைகளின் நிறமிகளால் முயலின் சிறுநீர் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ போவதுண்டு. ஒருமுறை பீட்ரூட் தழை கொடுத்த மறுநாள் தட்டு சிவந்திருந்ததைப் பார்த்து அலறியடித்து ஓடி, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்திருந்தோம். அதனால் 2022இல் சீனியின் தட்டில் சிவப்பைக் கண்டபோது, மாமியார் கேட்டதற்கு, "கீரைச் சாயம்தான் அத்தை" என்று நானே சொன்னேன். அது இரத்தம் என்று தெரிந்து ஸ்கேன் எடுக்கும்போது கட்டி பெரிதாகிப் பரவியிருந்தது. ஐந்து வயதில் போய்விட்டது. எள்ளு மூன்று நாள் அந்த மண்பானையின் வாயிலிலேயே உட்கார்ந்திருந்தது. புல்லைக் கையில் வைத்துக் கெஞ்சித்தான் தின்ன வைத்தோம். அடுத்த மாதம், கருத்தடை செய்யப்பட்ட ஒரு பெட்டையைத் துணைக்குக் கொண்டுவந்து, இரண்டு வாரம் தடுப்புக்கு இரு புறமும் வைத்துப் பழக்கிய பிறகே சேர்த்துவிட்டோம்.

செலவு என்று பார்த்தால், புல்லும் கீரையுமாக மாதம் 900 ரூபாய்க்குள் முடிகிறது. மருத்துவம்தான் கணிக்க முடியாதது. முயலைப் பார்த்துப் பழகிய மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகே வாங்க வேண்டும். நாய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் முயலைக் கொன்றுவிடும்: வாய்வழி கொடுக்கும் அமாக்சிசிலின், உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனில் இரண்டையும் மறக்காமல் கேட்டுத் தவிர்க்கவும். காட்டில் அகப்பட்டது என்று யாராவது முயல் குட்டி கொண்டுவந்தால் வாங்காதீர்கள். நம் காட்டுமுயல் வேறு இனம்; மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறப்பது; 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

எள்ளுவுக்கு இப்போது எட்டு வயது நடக்கிறது. நல்ல பராமரிப்பில் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள்கூட இருக்கும் என்கிறார் மருத்துவர். இடக்கண்ணில் புரை விழுந்திருக்கிறது, குதிப்பு குறைந்துவிட்டது. தட்டின் விளிம்பைத் தாண்டச் சிரமப்பட்டதால், போன மாதம் கணவர் அதன் முன்பக்கத்தை அறுத்துத் தாழ்த்தி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். முதல் நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்துவிட்டு, அறுத்த விளிம்பு முழுவதும் தாடையைத் தேய்த்த பிறகுதான் உள்ளே காலை வைத்தது.