முள்தோள் பூச்சியா, ரெடுவிட்டா: எந்தக் காட்டுக்கு எது?

பருத்தியிலோ ஆமணக்கிலோ தோளில் முள் வைத்த பழுப்புப் பூச்சியைக் கண்டால், நாற்றப்பூச்சி என்று நசுக்கிவிடாதீர்கள். முதலில் வாயைப் பாருங்கள். சாறு குடிக்கும் பச்சை நாவாய்ப்பூச்சியின் உறிஞ்சுகுழல் மெலிந்து, தலைக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும். இரை விழுங்கியின் குழலோ அடிப்பக்கம் தடித்தது; அதை முன்னால் நீட்டிப் புழுவைக் குத்தும்.

இந்த முள்தோள் இரை விழுங்கியின் பெயர் இயோகாந்தெகோனா ஃபர்செல்லாட்டா. இந்தியா, இலங்கையிலிருந்து தென்கிழக்கு ஆசியா, தைவான், ஒகினாவா வரை வாழ்கிறது. குஞ்சுக்கு ஐந்து பருவங்கள். முதல் பருவத்தில் முட்டைக் கூட்டத்தின் அருகிலேயே சாறோ ஈரமோ குடித்துக்கொண்டு சாதுவாக இருக்கும். இரண்டாம் பருவத்தில் வேட்டை தொடங்கிவிடும். பல குஞ்சுகள் சேர்ந்து ஒரே புழுவைச் சூழ்ந்து உறிஞ்சுவதால், தங்களைவிடப் பலமடங்கு பெரிய புகையிலைப் புழுகூட அவற்றுக்குப் பொருட்டில்லை. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த மக்காச்சோளப் படைப்புழுவையும் இது தின்கிறது. உடுமலை, பல்லடம் பக்கத்து மக்காச்சோளக்காரர்களுக்கு இது போதுமான சிபாரிசு.

போட்டியாளர் ரெடுவிட், கொலைகாரப் பூச்சி என்று சொல்லப்படும் இன்னொரு இரை விழுங்கி. தனித்து வேட்டையாடும், வளைந்த குழல், கையில் பிடித்தால் சுருக்கென்று குத்திவிடும். புதர், கல்லடி, வறண்ட நிலம் இதற்குப் பிடித்தமானவை. காங்கயம் பக்கத்துக் கொரங்காட்டின் (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) கிளுவை வேலியும் வெள்வேல மர நிழலும் அப்படிப்பட்ட இடங்கள்தாம். புழுவோடு நிற்காமல், பருத்தியின் செந்நாவாய்ப்பூச்சியையும் பூத்தின்னி வண்டையும் பிடிக்கும். பலவகை இரையைத் தின்பதுதான் அதன் பலம். ஆனால் தேனீயையும் விட்டுவைக்காது என்பதால், சூரியகாந்திக்காட்டில் அதை எனக்குப் பிடிக்காது.

கோபி வயல்காரர்களுக்கு இந்த இரண்டுமே முதல் தேர்வல்ல. நெல்லில் இலை தின்னும் புழுக்களைத் தேடித் திரிவது ஆண்ட்ராலஸ் ஸ்பினிடென்ஸ். அதற்கும் தோள் முள் உண்டு.

பருத்தி, மக்காச்சோளம், நிலக்கடலைக்கு என் ஓட்டு இயோகாந்தெகோனாவுக்கே. நாவாய்ப்பூச்சியும் வண்டும் சேர்ந்து தாக்கும் மானாவாரிக் காட்டில் ரெடுவிட் மேல். காட்டில் விட எடுத்துப்போகும்போது இரண்டையும் ஒரே டப்பாவில் கொண்டுபோக வேண்டாம். பசித்தால் தன் இனத்தையே தின்பவை, அடுத்ததை மட்டும் விடுமா?

ஒரு கேள்வி வரும்: பட்டுப்புழுவுக்கு ஆபத்தா? ஜார்க்கண்டில் மரத்திலேயே வளரும் தசார் பட்டுப்புழுவுக்கு இயோகாந்தெகோனா பெரும் எதிரி. நம்மூரில் பட்டுப்புழு வளர்வது வளர்ப்பு மனைக்குள். ஜன்னல் வலை கிழியாமல் இருந்து, மல்பெரித் தழையை உதறி எடுத்துப் போனால் பயமில்லை.