குர்குமினா, பெர்பரினா, இரினோடெகனா? நாங்கள் எடுத்த முடிவு

அக்காவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலிலும் பரவியிருக்கிறது என்று தெரிந்த வாரமே சித்தப்பா ஒரு புட்டியோடு வந்துவிட்டார். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காப்ஸ்யூல். இரண்டு நாள் கழித்து இன்னொரு உறவினர் பெர்பரின் நல்லது என்றார். மருத்துவர் எழுதியிருந்ததோ இரினோடெகன் சேர்ந்த கீமோ. "செடியிலேயே மருந்து இருக்கும்போது கெமிக்கல் எதுக்கு?" என்று சித்தப்பா கேட்டார். அன்பால் கேட்ட கேள்விதான். ஆனால் அந்த மூன்றுமே செடிகொடியிலிருந்து வந்தவை. எல்லாவற்றையும் படித்தும் கேட்டும் பார்த்துவிட்டு, கீமோ முடியும்வரை இரினோடெகன் சேர்ந்த அந்தக் கீமோ மட்டும் போதும் என்று முடிவு செய்தோம்.

இரினோடெகனின் மூலம் சீனாவில் வளரும் ஒரு மரம். அதிலிருந்து காம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1966-இல் அறிவித்தவர்கள் வேதியியலாளர்களான மன்றோ வாலும் மன்சுக் வானியும். அதன் சோடியம் உப்பை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு வரை போனதால் 1970-களில் கைவிட்டார்கள். செல் பெருகும்போது டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்தும் நொதியை அது முடக்குகிறது என்பது 1985-இல் தெரியவந்தது. பிறகு அதன் அமைப்பைத் திருத்தி, தண்ணீரில் கரையும்படி செய்து உருவாக்கியதுதான் இரினோடெகன். 1996-இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. செடியில் இருந்தது அப்படியே மருந்தாகிவிடவில்லை. நடுவில் 30 வருட உழைப்பு இருக்கிறது.

குர்குமின் ஆய்வுக்கூடத்துத் தட்டில் புற்றுச்செல்களை அழிக்கிறது என்பது உண்மை. வாயால் விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. மரபுவழியாகக் குடலில் ஏராளமான பாலிப்கள் (குடலின் உட்சுவரில் வளரும், பின்னாளில் புற்றாகக்கூடிய சிறு கட்டிகள்) வரும் 44 பேரிடம், தினமும் 3 கிராம் வீதம் ஒரு வருடம் நடந்த பரிசோதனையில் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கீமோவோடு சேர்த்துக் கொடுத்த ஒரு பரிசோதனையில் நம்பிக்கை தரும் முடிவு வந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் மொத்தமே 28 பேர்.

மரமஞ்சளில் இருக்கும் பெர்பரினுக்கு இதைவிட நல்ல சான்று உண்டு. பாலிப் அகற்றப்பட்டவர்களுக்குச் சீனாவில் தினம் இருவேளை 300 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் மறுபடி பாலிப் வந்தது 36 சதவீதம் பேருக்கு. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 47 சதவீதம். நல்ல முடிவுதான். ஆனால் அது பாலிப் திரும்ப வராமல் தடுப்பது பற்றியது. வந்து பரவிவிட்ட புற்றுநோய்க்கு அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சரி, கீமோவோடு கூடவே ஒரு காப்ஸ்யூலும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நானும் நினைத்தேன். எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். மருத்துவர் புட்டியை வாங்கித் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ஒரு வரியைக் காட்டினார்: பைப்பரின். மிளகின் காரத்துக்குக் காரணமான பொருள். குர்குமினோடு அதைச் சேர்த்தால் உடலில் சேரும் அளவு 20 மடங்கு கூடுகிறது என்று 1998-இல் ஓர் ஆய்வு காட்டியது. எப்படிக் கூடுகிறது? வேண்டாததை மாற்றி வெளியேற்றும் கல்லீரலின் வேலையைப் பைப்பரின் தடுக்கிறது. இரினோடெகன் உடலுக்குள் போனதும் பல மடங்கு வீரியமுள்ள எஸ்என்-38 ஆக மாறும். அதன் வேகத்தைத் தணித்து வெளியே அனுப்புவதும் அதே கல்லீரல்தான். அந்த வழியை அடைத்தால் மருந்து தேங்கும்; வயிற்றுப்போக்கும் வெள்ளை அணுக் குறைவும் கடுமையாகலாம். நேர்மாறாகவும் நடக்கும். மனச்சோர்வுக்குச் சிலர் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, ரத்தத்தில் எஸ்என்-38 அளவை 42 சதவீதம் குறைத்தது ஒரு சிறு ஆய்வில் பதிவாகியிருக்கிறது. கீமோ ஏறுகிறது, வேலை செய்யும் அளவு குறைகிறது. அது நோயாளிக்குத் தெரியவும் தெரியாது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். பைப்பரின் இல்லாத ஒருவகைக் குர்குமினை இரினோடெகனோடு கொடுத்துப் பார்த்த சிறு பரிசோதனையில் மருந்தின் அளவு பெரிதாக மாறவில்லை. ஆகவே குர்குமினே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. எங்கள் கையில் இருந்த புட்டி அந்த வகை இல்லை.

இரினோடெகன் லேசான மருந்தும் அல்ல. இரண்டாவது சைக்கிள் (கீமோவின் ஒரு சுற்று) முடிந்த ஐந்தாம் நாள் இரவு அக்கா எட்டு முறை எழுந்து போனாள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை அட்டையின் பின்னால் ஒவ்வொரு மாத்திரைக்கும் மணியைப் பேனாவால் குறித்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். விடிவதற்குள் மருத்துவமனைக்கு ஓடினோம். அடுத்த முறை அளவைக் குறைத்தார்கள். கீமோவோடு வேறு காப்ஸ்யூல் எதுவும் சேராததால் எதனால் வந்தது என்று யாரும் குழம்பவில்லை. ஆறு சைக்கிளுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கல்லீரல் கட்டிகள் சுருங்கியிருந்தன. இது ஒருத்தியின் அனுபவம்தான். எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

உணவில் சேரும் மஞ்சளை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த அளவு வேறு, காப்ஸ்யூல் அளவு வேறு.

அப்புறம், உடன்பிறந்தவள் என்பதால் எனக்கும் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்தார்கள். சின்னதாக ஒரு பாலிப் இருந்தது, எடுத்துவிட்டார்கள். எனக்குக் கீமோ இல்லை, ஆகவே பெர்பரின் பற்றி இப்போது நானே கேட்டேன். மருத்துவர் அதை எழுதித் தரவில்லை. அடுத்த கொலோனோஸ்கோபிக்கான தேதியைத்தான் எழுதினார். அந்தச் சீட்டை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். பெர்பரின் இன்னும் வாங்கவில்லை.