ஆங்கிலத் திருப்புதல்: வினாடி வினா செயலியா, ஓட்டச் சொல்வதெழுதுதலா, சீட்டுப் பெட்டியா?

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் திருப்புதலுக்காக மூன்று செயல்பாடுகளை அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில், நாற்பது பேர் அமரும் வகுப்பில் நடத்திப் பார்த்திருக்கிறேன். முதலாவது, காஹூட், குவிசிஸ் (இப்போது வேகிரவுண்ட்) போன்ற செயலிகளில் நடத்தும் வினாடி வினா. இரண்டாவது, சுவரில் ஒட்டிய பத்தியை ஒருவர் ஓடிப்போய்ப் படித்து வந்து சொல்ல, இணையாக இருப்பவர் எழுதும் ஓட்டச் சொல்வதெழுதுதல். மூன்றாவது, மாணவர்களே வினாவும் விடையும் எழுதிச் சேர்க்கும் சீட்டுப் பெட்டி. இந்தக் கல்வியாண்டில் சீட்டுப் பெட்டியையே முதன்மையாக வைத்துக்கொண்டேன் என்பதால், இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

மூன்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகவே ஈடுபடுகிறார்கள், செலவும் பெரிதல்ல. அவற்றில் ஒப்பிட ஒன்றுமில்லை.

செயலியின் உண்மையான பலம், வினாடி வினா முடிந்ததும் அது தரும் அறிக்கை. எந்த வினாவில் வகுப்பே தடுமாறியது என்பது உடனே தெரிந்துவிடும். நாற்பது நோட்டுகளைத் திருத்தினாலும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஆனால் காஹூட்டில் விரைந்து விடையளிப்பவருக்கே மதிப்பெண் கூடுகிறது. அதனால் மெல்லக் கற்கும் மாணவர் வினாவைப் படித்து முடிக்கும் முன்பே ஏதோ ஒரு வண்ணக் கட்டத்தைத் தொட்டுவிடுகிறார், முன்வரிசையில் எப்போதும் அதே நான்கைந்து பெயர்களே நிற்கின்றன. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர அனுமதி இல்லை. ஹைடெக் ஆய்வகக் கணினிகளோ வகுப்பில் பாதிப் பேருக்குக்கூடப் போதவில்லை. மாணவர்கள் தாள் அட்டையைத் தம் விடைக்கு ஏற்பத் திருப்பிப் பிடிக்க, ஆசிரியர் தம் கைப்பேசியால் அதைப் படம்பிடிக்கும் பிளிக்கர்ஸ் போன்ற வழி இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது. செயலியைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

ஓட்டச் சொல்வதெழுதுதல் எனக்கு மிகவும் பிடித்த செயல்பாடு. படிப்பது, நினைவில் வைப்பது, உச்சரிப்பது, கேட்பது, எழுதுவது என அனைத்தும் ஒரே பாடவேளையில் நடந்துவிடுகின்றன. பத்தியில் எட்டு வரிக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரே பத்தியை நான்கைந்து இடங்களில் ஒட்டாவிட்டால் இருபது பேர் ஒரே சுவரில் மோதிக்கொள்வார்கள். பாதியில் ஓடுபவரும் எழுதுபவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. இவ்வளவு இருந்தும் இதைத் திருப்புதலுக்கு உரியதாக நான் கருதவில்லை. ஒருமுறை எழுதிய பத்தியை மறுமுறை ஒட்டினால் யாருக்கும் ஓடும் ஆவல் இருக்காது. புதிய பாடத்தைத் தொடங்கும் நாளுக்கே இது பொருந்தும்.

சீட்டுப் பெட்டி எங்கள் கண்டுபிடிப்பு அன்று. ஜெர்மன் மொழியில் எழுதிவந்த பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரவலாக அறிமுகப்படுத்திய முறையை வகுப்புக்கு ஏற்பச் சற்று மாற்றிக்கொண்டோம். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு செருப்புப் பெட்டி. அதற்குள் அட்டையால் தடுத்த ஐந்து அறைகள். வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளில் இருபுறமும் எழுத்தில்லாத பகுதியை வெட்டி எடுத்த சீட்டுகள். சீட்டின் முன்பக்கம் வினா, பின்பக்கம் விடை. எல்லாச் சீட்டும் முதல் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும், தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பிவிடும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை வாரம் இருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரு வாரங்களுக்கு ஒருமுறை, ஐந்தாவதைத் தேர்வுக்கு முன் எடுக்கிறோம். பாடவேளையின் முதல் பத்து நிமிடம் இதற்குப் போதும்.

சரியாகச் சொன்ன வினாவும் மீண்டும் கேட்கப்படுவதே இதில் முக்கியம். கார்ப்பிக், ரோடிகர் என்ற இரு உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளுடன் கற்பித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன பிறகும் தொடர்ந்து சோதிக்கப்பட்டவர்கள் ஒரு வாரம் கழித்து 80 விழுக்காடு அளவுக்கு நினைவில் வைத்திருந்தார்கள். அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்தும் சோதிக்கப்படாமல் விடப்பட்டவர்கள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. செயலியிலும் பழைய வினாக்களை மீண்டும் சேர்த்துக் கேட்கலாம்தான். ஆனால் எந்த மாணவருக்கு எந்த வினா, எப்போது என்று கணக்கு வைப்பது ஆசிரியரின் வேலையாகிவிடும். பெட்டியில் அந்தக் கணக்கை அறையே வைத்துக்கொள்கிறது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இந்தப் பராமரிப்புச் சுமைதான். நல்ல வினாடி வினா ஒன்றைச் செயலியில் தயாரிக்க ஒரு மாலை முழுவதும் போய்விடும்; ஏற்கெனவே பிறர் தயாரித்து வைத்தவையோ நம் பாடநூலோடு அரைகுறையாகவே ஒத்துப்போகின்றன. இலவசக் கணக்கில் எதெல்லாம் கிடைக்கும் என்பதும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ஓட்டச் சொல்வதெழுதுதலுக்கு ஒவ்வொரு முறையும் புதிய பத்தி தேட வேண்டும். சீட்டுகளை மாணவர்களே எழுதுகிறார்கள். ஆசிரியருக்கு மிஞ்சுவது திருத்தும் வேலை. அதையும் எளிதாக நினைத்துவிடக் கூடாது. பிழையான சீட்டு ஒன்று பெட்டிக்குள் போய்விட்டால் ஐந்து பேரும் அந்தப் பிழையைத்தான் பயில்வார்கள். ஒருமுறை, ‘ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் டேஷ் 2019’ என்ற சீட்டின் பின்பக்கத்தில் ‘சின்ஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃபார்’ என்று அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆகவே என் சுருக்கொப்பம் இல்லாத சீட்டு பெட்டிக்குள் போகாது என்பது விதி. வாரத்துக்கு ஒரு குழுவுக்குப் பத்துச் சீட்டு என்று வரம்பு வைத்தால், ஆசிரியர் அறையில் தேநீர் குடிக்கும் நேரத்திலேயே திருத்தி முடித்துவிடலாம். சீட்டு தொலைவதும், மழைக்காலத்தில் நைந்துபோவதும் உண்டு. தொலைத்தவரே மீண்டும் எழுத வேண்டும் என்று வைத்துவிட்டதால் அதுவும் ஒரு திருப்புதலாகிவிடுகிறது.

வினாத்தாளின் முதல் பகுதியில் வரும் 14 ஒருமதிப்பெண் வினாக்களுக்கு, அதாவது ஒருபொருட்சொல், எதிர்ச்சொல், பன்மை வடிவம், முன்னொட்டு, முன்னிடைச்சொல் முதலியவற்றுக்கு, இந்தப் பெட்டி அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. கடிதம், பத்தி, விளம்பரம் ஆகியவற்றை எழுதும் பகுதிக்கு இதனால் பயன் குறைவு. அங்கே ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தும் பழைய முறையையே பின்பற்றுகிறேன். தொடக்கப் பள்ளி வகுப்புகளை நான் எடுத்ததில்லை என்பதால், எட்டு வயதுப் பிள்ளைகள் ஐந்து அறைகளைக் குழப்பமில்லாமல் கையாள்வார்களா என்பதை அந்த வகுப்புகளை எடுப்பவர்கள்தாம் சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் கணினி உள்ள பள்ளியில் நான் பணியாற்றியிருந்தால் செயலிக்கு இன்னும் கூடுதல் இடம் கொடுத்திருக்கவும் கூடும். அங்கும் அறிக்கைக்காகத்தான் கொடுத்திருப்பேன், மதிப்பெண் பந்தயத்துக்காக அன்று.