லான்சருக்கு புஷ் தேடிய மூன்று சனிக்கிழமைகள்: ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும்

சென்னையில் பழைய காரின் சஸ்பென்ஷனுக்கு உதிரிபாகம் வேண்டும் என்றால் எந்த மெக்கானிக்கும் இரண்டு இடங்களைத்தான் சொல்வார். புதிது வேண்டுமானால் அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைக்குப் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, சுருக்கமாக ஜி.பி. ரோடு. கழற்றியது போதுமென்றால் எழும்பூருக்குப் பக்கத்தில், கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டை. மாருதிக்கும் சான்ட்ரோவுக்கும் இவற்றைப் பற்றித் தனியாக எழுத எதுவும் இல்லை. கேட்ட பத்தாவது நிமிடத்தில் பொருள் கைக்கு வந்துவிடும். என்னுடையது 2003-ஆம் ஆண்டு மிட்சுபிஷி லான்சர், 1.5 லிட்டர் பெட்ரோல். குரோம்பேட்டையிலிருந்து அம்பத்தூருக்குத் தினமும் போய்வரும் வண்டி. துணி போட்டு மூடி வைத்து ஞாயிறன்று மட்டும் எடுக்கும் வண்டி அல்ல. ஆகவே பாகம் கிடைக்காத ஒவ்வொரு வாரமும் பேருந்தில் போகும் வாரம்தான்.

லான்சர் நமக்கு அந்நியமான கார் இல்லை. 1998 முதல் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான் அது தயாரானது. அதே வளாகத்திலிருந்து இப்போது சிட்ரோன் கார்கள் வெளிவருகின்றன. அந்தக் காலத்தில் இந்த விலைக்கு வந்த பல கார்களின் பின்பக்கம் ஒற்றை அச்சாக இருந்தபோது, லான்சருக்கு மல்டி லிங்க், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் பல ஆர்ம்கள் (இரும்புக் கைகள்) பிடித்திருக்கும் அமைப்பு, கொடுத்திருந்தார்கள். நீளமான டிரெய்லிங் ஆர்ம் ஒன்று, மேலும் கீழுமாகக் குறுக்கே ஓடும் ஆர்ம்கள், ஒவ்வொன்றின் முனையிலும் அதிர்வை வாங்கிக்கொள்ளும் வளையமாக ஒரு ரப்பர் புஷ். வளைவில் வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு போவதற்கு அதுவே காரணம். இருபது ஆண்டுகள் கழித்து என்னைக் கடை கடையாக ஏற வைத்ததற்கும் அதுவே காரணம். புஷ்ஷின் எண்ணிக்கை கூடக்கூட, சந்தையில் இல்லாத புஷ்ஷின் எண்ணிக்கையும் கூடுகிறது.

வேகத்தடையில் பின்னாலிருந்து ‘தொம்’ என்றும், குழியில் முன்னாலிருந்து ‘கடக்’ என்றும் சத்தம் வரத் தொடங்கி இரண்டு மாதமாயிற்று. மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, நீளக் கம்பி ஒன்றை நுழைத்து நெம்பிக் காட்டினார். டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து வாய் பிளந்திருந்தது. முன்பக்க லோயர் ஆர்ம் இரண்டிலும் பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) ஆடியது. ஒரு பக்கத்துப் பின் அப்பர் ஆர்மில், புஷ் உட்காரும் வளையத்தையே துரு தின்றிருந்தது. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் பின் டயர்களின் உள்விளிம்பு ஒரே வருடத்தில் வழுவழுப்பாகியிருந்ததைப் பார்த்த பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

முதல் சனிக்கிழமை ஜி.பி. ரோடு. அங்கே ஏறிய கடைகளில் பாதி, “லான்சரா, செடியாவா?” என்று கேட்டன. கேட்காத பாதியிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். செடியா என்பது 2006-இல் இங்கு வந்த அடுத்த தலைமுறை வண்டி; பெயரில் லான்சர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் சஸ்பென்ஷன் வேறு. எதையும் கேட்காமல், “எல்லாம் ஒண்ணுதான் சார், நம்பி எடுத்துட்டுப் போங்க” என்று ஒரு கடைக்காரர் ஒரு ஜோடி லோயர் ஆர்மைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். ஒர்க் ஷாப்பில் பழையதன்மேல் வைத்துப் பார்த்தபோது, பால் ஜாயிண்ட்டின் கழுத்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பருமனாக இருந்தது. திருப்பிக் கொண்டுபோனால், பிரித்த பொருளுக்குப் பணம் தருவதில்லை என்றார். பிரிக்காமல் எப்படி வைத்துப் பார்ப்பது என்ற என் கேள்விக்குப் பதில் இல்லை. அரை மணி நேர வாதத்துக்குப் பிறகு பாதித் தொகை வந்தது.

அடுத்த வாரம் கழற்றிய பழைய ஆர்மையே பையில் போட்டுக்கொண்டு போனேன். ஒரு குறுகலான கடையில், பெரியவர் ஒருவர் அதை வாங்கி, கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து வெர்னியரை எடுத்தார். பால் ஜாயிண்ட்டின் கழுத்து, புஷ்ஷின் வெளிவிட்டம், இரண்டு போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரம் என மூன்றையும் அளந்து பழைய பில்லின் பின்புறம் குறித்துக்கொண்டார். பிறகு பரணிலிருந்து இறக்கிய இரண்டு பெட்டிகளில் ஒன்றைத் தானே வேண்டாம் என்று ஒதுக்கினார். அதன் ரப்பரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, “இது ரொம்ப வருஷமா கெடக்குது தம்பி, நகம் எறங்கல பாருங்க” என்றார். மற்றது பொருந்தியது. விலை முந்தைய கடையைவிட அதிகம்தான். ஆனால் இந்தச் சாலையில் நாம் காசு கொடுப்பது இரும்புக்கும் ரப்பருக்கும் மட்டுமல்ல, அந்த வெர்னியருக்கும் சேர்த்துத்தான். டிரெய்லிங் ஆர்ம் புஷ் அவரிடமும் இல்லை. ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் கடைந்து தருபவர்கள் இருக்கிறார்கள் என்றார். தினமும் ஓடும் வண்டிக்கு அதை அவர் பரிந்துரைக்கவில்லை. ரப்பரைவிட அது நீண்ட நாள் உழைக்கலாம் என்றாலும், சாலையின் ஒவ்வொரு அதிர்வையும் உள்ளே கொண்டு வரும். கிரீஸ் காய்ந்தால் கீச்சிடவும் செய்யும்.

புதுப்பேட்டைக்குப் போனது துருப்பிடித்த அப்பர் ஆர்முக்காக. கடை வாசலில் கதவுகள் அடுக்கடுக்காகச் சாய்ந்திருக்க, அவற்றுக்குப் பின்னால் கியர்பாக்ஸ் குவியல், அதற்குப் பின்னால் ஆக்சில் என்று உள்ளே போகப் போக எண்ணெய் வாடை கூடிக்கொண்டே போகும். இங்கே கணினியும் இல்லை, பாக எண்ணும் இல்லை. வண்டியின் பெயரைச் சொன்னதும் ஒரு பையன் ஓடிப்போய் மூன்று ஆர்ம்களுடன் வந்தான். அவற்றில் ஒன்று செடியாவுடையது, ஒன்று விபத்தில் வளைந்தது, மூன்றாவது நல்லது. வளைந்ததைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. பழையதையும் புதியதையும் சமதரையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் தெரிந்துவிடும். கடைக்காரரும் அதற்கு முகம் சுளிக்கவில்லை. பேரம் பேசி, சொன்ன விலையில் பாதிக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கினேன். அதே கடையில் லான்சரின் ஷாக் அப்சார்பர்களும் இருந்தன, தண்டில் எண்ணெய் கசிந்த தடத்துடன். புதுப்பேட்டையில் இரும்பு வாங்கலாம். ரப்பரும் எண்ணெயும் உள்ள எதையும் வாங்குவதில் அர்த்தமில்லை. கழற்றிய புஷ் என்பது நம்முடைய பழைய புஷ்ஷின் வயதேதான்.

மிச்சமிருந்த டிரெய்லிங் ஆர்ம் புஷ் இரண்டு சந்தைகளிலும் இல்லை. கடைசியில் அது மலேசியாவிலிருந்து வந்தது. 1993 முதல் 2009 வரை அங்கே விற்பனையான புரோட்டான் விரா, லான்சரை அடியாகக் கொண்டு செய்யப்பட்ட கார். லட்சக்கணக்கில் விற்ற வண்டி என்பதால் அதன் பாகங்கள் அங்கே பலசரக்கு மாதிரி கிடைக்கின்றன. கிள்ளானில் இருக்கும் என் சித்தி மகனுக்குப் படமும் அளவும் அனுப்பினேன். “அண்ணே, இதுக்கா மூணு வாரம் அலைஞ்சீங்க?” என்று சிரித்துவிட்டு, ஊருக்கு வரும்போது துணிகளுக்கு நடுவே ஒரு ஜோடியை வைத்துக் கொண்டுவந்தான். விராவின் எல்லாப் பாகமும் நம் லான்சருக்குச் சேரும் என்று இதைப் படித்துவிட்டு யாரும் மொத்தமாக வாங்கிவிட வேண்டாம். இரண்டும் முழுக்க ஒரே வண்டி அல்ல. அளவு பார்த்த பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

மாட்டும் வேலையைப் பற்றி இரண்டு விஷயங்கள். பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றுவதாக மெக்கானிக் சொன்னதை நான் ஏற்கவில்லை. பக்கத்து லேத் பட்டறையின் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் கொடுத்து மாற்றினோம். இந்த வகை புஷ்ஷின் ரப்பரில் ஒரு பக்கம் வெற்றிடம் இருக்கும் என்பதால், கழற்றும் முன்பே அதன் திசையை ஆர்மில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார் லேத்காரர். அதேபோல, புஷ் போல்ட்டுகளை வண்டியைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போது முழுதாக முடுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். சக்கரங்கள் தரையில் ஊன்றி எடை இறங்கிய பிறகுதான் கடைசி முடுக்கு. முதல்முறை அவசரத்தில் இது விடுபட்டது; நான் நின்றுகொண்டிருந்ததால் மறுபடியும் தளர்த்தி முடுக்க வைத்தேன். இதற்கெல்லாம் பிறகுதான் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட்.

வண்டி இப்போது ஒரு மழைக்காலத்தையும் நாலாயிரம் கிலோமீட்டரையும் தாண்டியிருக்கிறது. பின்பக்கத்துத் ‘தொம்’ அடியோடு போய்விட்டது. ஸ்டீயரிங் நேராக நிற்கிறது; புது டயர்களின் உள்விளிம்பு இதுவரை தேயவில்லை. முன் இடது பக்கம் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் சின்னதாக ஒரு ‘டிக்’ கேட்கிறது. ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பர் உள்ள தூண்) மேல் மவுண்ட்டாக இருக்கலாம் என்கிறார் மெக்கானிக். அந்தப் பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பழைய பீஸைக் கழற்றிக் கொண்டுவந்தால் அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த முறை வரும்போது எத்தனை ஜோடி புஷ் கொண்டுவரட்டும் என்று கிள்ளான் தம்பி கேட்டான். ஒன்றே போதும், அதுவும் பெட்டியில் தேதி பார்த்து எடு என்றேன். மாட்டாமல் அலமாரியில் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது.